தவணை தவறியது யார்?

'டியர் ஜான்' படம் பார்த்தவர்கள் பலரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: "பாவம் அந்தப் பையன்! அவன் போர்முனையில் கிடக்கிறான், இவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள்." படைவீரனின் காதலி என்றால் காத்துக்கிடக்க வேண்டும், காத்திருக்காதவள் துரோகி என்ற எண்ணம் நமக்குள் அப்படி ஊறிப்போயிருக்கிறது. இதைவிட அநியாயமான எண்ணம் வேறில்லை.

லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரோம் இயக்கி 2010இல் வந்த அந்தப் படத்தையே நிதானமாகப் பாருங்கள். 2001இல், தென் கரோலினாவின் கடலோர ஊருக்கு இரண்டு வார விடுப்பில் வந்த ஜானும், கல்லூரி மாணவி சவானாவும் காதலிக்கிறார்கள். இன்னும் ஓராண்டுதான், பணி முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்கிறான். அதை நம்பி அவள் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறாள். செப்டம்பர் 11 தாக்குதல் நடக்கிறது. சகாக்கள் பணியை நீட்டிக்க முன்வர, ஜானும் நீட்டிக்கிறான். நடுவே ஒரு வாரக்கடைசியில் அவன் ஓடிவந்து இதைப் பேசும்போது, அவளுக்கு இதில் விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. தவணை சொன்னவன் அவன். அதை மாற்றியவனும் அவனே. அதன் பிறகும் அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். ரசிகர்களின் நினைவில் நிற்பதோ உறவை முறித்து அவள் எழுதிய கடைசிக் கடிதம் மட்டும்.

காத்திருப்பை நம் மரபும் கொண்டாடியது, மறுக்கவில்லை. முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். ஆனால் அந்தத் தலைவன் கார்காலத்துக்குள் வருவேன் என்று பருவம் குறித்துவிட்டுப் போனவன். வினை முடிந்ததும், விரைந்து தேரைச் செலுத்து என்று பாகனை முடுக்குகிறவன். அவளுக்கு இருத்தல் கடமையென்றால் அவனுக்குத் திரும்புதல் கடமை. நாம் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிட்டோம்.

ஜானாவது தானாக நீட்டித்தான். இராக் போரின்போது, ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர்களையும் 'ஸ்டாப் லாஸ்' என்ற நடைமுறையால் வீட்டுக்கு விடாமல் பிடித்துவைத்தது அமெரிக்க ராணுவம். 2007இல் தரைப்படையினரின் போர்முனைக் காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக உயர்ந்தது. முடிவெடுத்தவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள். பழி மட்டும் ஊரில் தனியாக இருந்த பெண்ணின் தலையில் விழுந்தது.

இந்தப் பழிக்கு வயதும் அதிகம். போர்க்கால முறிவுக் கடிதங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் சூசன் கேருதர்ஸ் 2022இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். காப்பகங்களில் அசல் கடிதங்கள் அரிதாகத்தான் கிடைக்கின்றன. உலவுவதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைகள். இந்தப் படத்துக்கு மூலமான நிக்கோலஸ் ஸ்பார்க்ஸின் நாவலும் ஜான் தன் வாயால் சொல்லும் கதைதான்.

சவானாவை மன்னிக்கப் படம் படும் பாட்டைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவள் மணந்த டிம்முக்குப் புற்றுநோய். அவன் மகனுக்கு ஆட்டிசம். அவர்களுக்குத் துணை வேண்டியிருந்தது, அதனால்தான் கட்டிக்கொண்டாளாம். ஒரு பெண் காத்திருப்பதை நிறுத்த, இன்னொருவன் சாகக் கிடக்க வேண்டுமா? 'என்னால் இனி முடியவில்லை' என்று அவள் சொன்னால் போதாதா? நாவலின் முடிவில் டிம் உயிரோடிருக்கிறான். ஜான் தள்ளி நின்று அவளைப் பார்க்கிறான். படமோ டிம்மைச் சாகடித்து, அவளை ஜானிடமே கொண்டுவந்து சேர்க்கிறது. தான் எடுத்த முடிவோடு அவள் வாழ்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட அதற்கு மனம் வரவில்லை.