கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமா?

போன வாரம் பக்கத்து வீட்டுப் பேத்தி நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளி. பள்ளிச் சந்தையில் தோழிகளோடு சேர்ந்து சுண்டல் விற்றிருக்கிறாள்.

"தாத்தா, 400 ரூபா போட்டோம். 520 ரூபா கையில இருக்கு. 120 லாபம்!"

"கேஸ், எண்ணெய்?"

"வீட்டுல இருந்துதுங்க." அதற்கு 50 ரூபாய் வைத்தோம். லாபம் 70 ஆனது.

"கடன் சொன்னது யாராச்சும்?"

"டீச்சருங்க மூணு பேரு. 60 ரூபா வரணும்."

"விடியக்காலை எந்திரிச்சு வேக வெச்சது யாரு?"

"அம்மா." கொஞ்ச நேரம் யோசித்தாள். "அம்மாவுக்குக் கூலி குடுத்தா நஷ்டமாங்க தாத்தா?"

அந்தக் கேள்விதான் வியாபாரப் பாடம். அதைக் கேட்கும் வயது பதினாலு என்பதில் எனக்குச் சந்தோஷம்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, ஒரு இளைஞருக்கு லேத் பட்டறைக்குக் கடன் கொடுத்தோம். நல்ல கைவேலைக்காரர். ஆர்டரும் குறைவில்லை. ஆனால் சரக்கு போய் நாலு மாதம் கழித்துத்தான் பணம் வரும். இடையில் வீட்டுச் செலவு, தங்கை கல்யாணம் எல்லாம் பட்டறைப் பணத்திலேயே நடந்தது. கடைசியில் லேத் ஏலத்துக்கு வந்தது. நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவன் நான். "வேலை இருந்துதுங்க சார், பணம் எங்க போச்சுன்னுதான் தெரியல" என்றார். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே வந்துவிடும். அந்தக் காலத்தில் செட்டிநாட்டுப் பையன்கள் பர்மா கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்குப் படித்தார்கள். கூலிக்குப் போகிறவர் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது? பள்ளிக்கூடம்தான் சொல்லித் தரவேண்டும்.

தில்லி அரசுப் பள்ளிகளில் 2019-ல் தொழில்முனைவுப் பாடம் கொண்டுவந்தார்கள். 2021-ல் 11, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் முதலும் கொடுத்து, தொழில் செய்கிறவர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்தார்கள். நம் மாநிலத்திலும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தாக்கத் திட்டம் நடக்கிறது. நல்ல காரியம்.

என் குறை ஒன்றுதான். வழிகாட்டி என்றால் பெரிய முதலாளியை அழைத்து, சால்வை போட்டு, ஜெயித்த கதையைச் சொல்ல வைத்து அனுப்பிவிடுகிறோம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், அதோடு சரி. தெருமுனை மளிகைக்காரரை, தையல்கடை அக்காவை, பட்டறைக்காரரை அழையுங்கள். ஒரு நாள் போதாது. வாரம் ஒரு மணி நேரம், ஒரு பருவம் முழுக்க வரட்டும். பிள்ளைகளின் நோட்டைப் பார்க்கட்டும். எங்கே தோற்றார், கடன் சொன்னவரிடம் எப்படிக் கேட்டு வாங்கினார் என்று சொல்லட்டும்.

"படிக்கிற பிள்ளைக்கு வியாபாரப் புத்தி எதுக்கு?" என்று நம் வயதுக்காரர்கள் கேட்பது தெரியும். எல்லாரும் முதலாளி ஆக வேண்டியதில்லை. வரவு எது, லாபம் எது, கடன் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சம்பளக்காரருக்கும் நல்லதுதான்.

கடை வைத்து நடத்தி ஓய்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரை ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் போகப் போகிறேன். அந்த லேத் பட்டறைக் கதையைத்தான் முதலில் சொல்வேன், என் கையெழுத்தையும் சேர்த்து.