சாதனை வெயில் கிடக்கட்டும், இரவைப் பாருங்கள்

2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் சிங்கப்பூர் காணாத வெயில். பிள்ளைகள் சீருடைக்குப் பதில் உடற்பயிற்சி உடையில் வரலாம் என்று பல பள்ளிகள் சொல்லிவிட்டன. சென்னைக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவர் ஊர் 2003 மே 31ஆம் தேதி 45 டிகிரியைப் பார்த்தது.

அந்தச் சிரிப்பு கொஞ்சம் அவசரமானது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை காய்வதில்லை, வழிகிறது. அதனால்தான் இங்கே 2023 முதல் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், நேரடி வெயில் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அளவை மக்களுக்கு அறிவிக்கிறார்கள். அது 33ஐ எட்டினால் கடுமை என்று பொருள்.

புக்கிட் பாஞ்சாங்குக்குப் பக்கத்திலிருக்கும் தெங்காவில் 1983 ஏப்ரல் 17ஆம் தேதியே இதே 37 டிகிரி பதிவானது. ‘அப்போதும் அடித்த வெயில்தானே’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அது கடுமையான எல் நினோ தாக்கிய காலம். ஒரு நாள் உச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எதுவும் மாறவில்லை என்றுதான் தோன்றும். சராசரி வேறு கதை சொல்கிறது: 1948 முதல் 2016 வரை பத்தாண்டுக்கு 0.25 டிகிரி ஏற்றம், உலகச் சராசரியைப் போல இரு மடங்கு. 2024இன் சராசரி 28.4 டிகிரி, மிக வெப்பமான ஆண்டுகளான 2016, 2019 இரண்டோடும் அது சமன். 35 டிகிரியைத் தாண்டும் நாள்கள் ஆண்டுக்குச் சுமார் 21 என்றிருந்தது, நூற்றாண்டின் இறுதியில் 41 முதல் 351 வரை ஆகக்கூடும் என்கிறது 2024இல் வெளியான பருவநிலை ஆய்வு.

இன்னும் பெரிய சங்கடம் இரவில். பகல் முழுதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் பொழுது சாய்ந்தபின் அதைக் கக்குகிறது. ஏர்கான்கள் தம் பங்குக்கு அனலை வெளியே தள்ளுகின்றன. ஆர்ச்சர்ட் வட்டாரத்துக்கும் லிம் சூ காங்கின் பசுமைக்கும் இடையே இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் இருப்பது ஆய்வில் தெரியவந்தது. பசுமைக்கு நேர்வதைப் புக்கிட் பாஞ்சாங்கில் காணலாம்: அதன் ஒரு பக்கம் புக்கிட் தீமா காடு. மறுபக்கம் தெங்காவில் 42,000 வீடுகளுக்குக் காடு வழிவிட்டது. 100 மீட்டர் அகல வனப்பாதையும் மத்தியக் குளிரூட்டும் முறையும் அங்கே உண்டு. நல்ல திட்டம்தான், ஆனால் வெட்டிய காட்டுக்கு ஈடென்று யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த வீடுகளைக் கட்டும் கைகளில் தமிழ்நாட்டுக் கைகள் ஏராளம். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்த நடவடிக்கைகளின்படி, வெப்ப அழுத்தம் 32ஐ எட்டினால் கடும் உடலுழைப்பு செய்வோருக்கு மணிக்கு 10 நிமிடமாவது நிழலில் ஓய்வு. 33 என்றால் 15 நிமிடம். வரவேற்க வேண்டியதே. ஆனால் வேலையிடத்திலேயே அளவுக்கருவி வைக்கும் கடப்பாடு கட்டுமானத் தளங்களில் 50 லட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ளவற்றுக்குத்தான். புளோக்குக்குச் சாயம் பூசும், நடைபாதை போடும் சிறு குத்தகையாளர் கைப்பேசிச் செயலியில் வரும் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு புளோக்குகளுக்கு நடுவே, காற்று எட்டாத மூலையில் நிற்பவரின் உடம்பு படும் பாட்டைத் தொலைவில் இருக்கும் நிலையம் அறியாது. ‘வேலை முடியட்டும்’ என்று மேற்பார்வையாளர் சொன்னால் எதிர்த்துப் பேசுவதும் எளிதல்ல.

அந்த ஓய்வு விதி வேலையிடத்தோடு நின்றுவிடுகிறது. புழுங்கும் விடுதி அறையில் தூக்கம் கெட்டவர் மறுநாள் காலை பாதிக் களைப்போடுதான் சாரத்தில் ஏறுகிறார். விடுதி அறைகளை ஆள் ஒருவருக்கு இத்தனை சதுர மீட்டர் என்று அளக்கும் அதிகாரிகள், நள்ளிரவில் அங்கே எத்தனை டிகிரி என்பதையும் அளந்து மாதந்தோறும் வெளியிடலாம். நகர மன்றங்களும் அடுத்த ஏலக்குத்தகையிலேயே, வேலை எவ்வளவு சிறியதானாலும் அளவுக்கருவி கட்டாயம், ஓய்வு நேரத்துக்குச் சம்பளப் பிடித்தம் கூடாது என்று இரண்டு வரி சேர்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.