சக்கை நம்முடையது, பங்கு மட்டும் யாருக்கோ?

கரும்பு போட்டு, வெட்டி, ஏற்றி அனுப்பிவிட்டு பில்லுக்குக் காத்திருக்கும் சகோதர சகோதரிகளே!

நம்ம கலசப்பாக்கம் பக்கம் இப்போ ஒரு புதுப் பேச்சு நடக்குது. கடலாடி, ஆதமங்கலம், புதுப்பாளையம்னு எங்கே போனாலும் பால் சொசைட்டி வாசல்லயும் டீக்கடை பெஞ்சுலயும் இதே வாக்குவாதம்தான். "அண்ணே, பிளாஸ்டிக்கைத் தடை பண்ணிட்டாங்க. இனிமே சக்கைத் தட்டு, அட்டை டப்பா, பேப்பர் கப்புதான். அந்தக் கம்பெனி பங்கை இப்பவே வாங்கிப் போட்டா பிள்ளைங்க படிப்புக்கு ஆகும்" என்கிறார் படித்த தம்பி. "ஏன்டா, ஈமு கோழி மறந்து போச்சா? இருக்கிறதையும் விட்டுட்டு நிக்கணுமா?" என்கிறார் பெரியவர்.

ரெண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கு. ஆனால் ரெண்டு பேருமே கேட்காத ஒரு கேள்வியும் இருக்கு. அதைக் கேட்கத்தான் இந்தப் பிரசுரம்.

தடை வந்தது, சந்தையும் வந்தது

தம்பி சொல்றது பொய் இல்லை. ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க மத்திய அரசின் தடை. கல்யாண வீட்டில் தெர்மோகோல் தட்டு இருந்த இடத்துக்குப் பாக்குமட்டைத் தட்டும் சக்கைத் தட்டும் வந்துவிட்டன.

இந்தத் தொழிலில் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. உத்தரப்பிரதேசம் அயோத்தியில் பக்கா என்கிற கம்பெனி கரும்புச் சக்கையில் தட்டும் கிண்ணமும் செய்கிறது. அதன் பங்கு சந்தையில் கைமாறுகிறது. நம்ம மாநிலத்தில் கரூர் மாவட்டம் புகளூர் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை இருக்கிறது. 1979-ல் அரசு தொடங்கிய கம்பெனி. கரும்புச் சக்கையை முக்கியக் கச்சாப் பொருளாக வைத்துக் காகிதம் செய்யும் ஆலை. சர்க்கரை ஆலைகளுக்கு எரிக்க நீராவியோ நிலக்கரியோ கொடுத்து, பதிலுக்குச் சக்கையை எடுத்துக்கொள்வது அதன் ஏற்பாடு. 2016-ல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில், டப்பா செய்யும் அட்டைக்கென்று மரக்கூழை நம்பி இன்னொரு ஆலையும் போட்டார்கள்.

சரி. தட்டு வந்தது, டப்பா வந்தது, கம்பெனி வந்தது, பங்கு வந்தது. அந்தச் சக்கை எங்கிருந்து வந்தது?

பில்லில் இல்லாத பொருள்

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 280 கிலோ சக்கை வரும். ஏக்கருக்கு 40 டன் என்று வையுங்கள். ஒரு ஏக்கரில் இருந்து 11 டன்னுக்கு மேல் சக்கை போகிறது. உங்கள் கரும்பு பில்லை எடுத்துப் பாருங்கள். டன் கணக்கு இருக்கும், வெட்டுக்கூலி இருக்கும், கடன் பிடித்தம் இருக்கும். சக்கைக்கு என்று ஒரு வரி இருக்கிறதா?

2024-25 அரவைப் பருவத்துக்கு, 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ சர்க்கரைக் கட்டுமானம் உள்ள ஆலைகளுக்கு மத்திய அரசின் விலை டன்னுக்கு 3,151 ரூபாய். மாநில அரசு ஊக்கத்தொகை 349 ரூபாய் சேர்த்து 3,500. இந்த விலைக்கு அளவுகோல் சர்க்கரைக் கட்டுமானம்தான். கட்டுமானம் ஏறினால் விலை ஏறும். சக்கை தட்டாக மாறி ஓட்டலுக்குப் போனாலும், மின்சாரமாக மாறி கிரிடுக்குப் போனாலும் நம் பில் அசையாது.

"துணைப்பொருளோட மதிப்பும் விலைக்குள்ள அடக்கம்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி எழுதியிருப்பது உண்மை. கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விலை நிர்ணயிக்கும்போது மொலாசஸ், சக்கை, பிரஸ்மட் வருமானத்தையும் கணக்கில் எடுக்கணும். ஆனால் எவ்வளவு எடுத்தார்கள் என்று எந்த விவசாயிக்குத் தெரியும்?

2012-ல் ரங்கராஜன் கமிட்டி ஒரு கணக்குக் கொடுத்தது. சர்க்கரையும் துணைப்பொருளும் சேர்ந்த வருமானத்தில் 70 சதவீதம் விவசாயிக்கு, இல்லாவிட்டால் சர்க்கரை வருமானத்தில் மட்டும் 75 சதவீதம். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சர்க்கரை 100 ரூபாய்க்கு விற்றால் சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் மூன்றும் சேர்ந்து ஏழு ரூபாய் சொச்சம்தான் என்று ஆகிறது! சக்கைத் தட்டுக்கு இன்றைக்கு இருக்கும் சந்தை வருவதற்கு முந்தின கணக்கு அது. தமிழ்நாட்டில் 2018-ல் வருவாய்ப் பங்கீட்டுச் சட்டம் வந்து, மாநிலப் பரிந்துரை விலையும் போய்விட்டது.

ஆக, நம் பொருளை வைத்துத் தொழில் நடக்கிறது. அந்தத் தொழிலில் பங்கு வேண்டும் என்றால் நாமே காசு கொடுத்து வாங்கணுமாம்! நம்ம பசுவில் கறந்த பாலை நம்மகிட்டயே விலைக்கு விற்கிற கதைதான் இது.

பங்கு வாங்கினால் பங்காளி ஆகிவிடுவோமா?

"பங்கு வாங்கினா கம்பெனிக் கூட்டத்துல போய்க் கேள்வி கேட்கலாமே?" என்கிறார் தம்பி. கேட்கலாம், தடை இல்லை. ஆனால் அங்கே தலைக்கு ஒரு ஓட்டு கிடையாது, பங்குக்கு ஒரு ஓட்டு. டி.என்.பி.எல்.-லில் மொத்தப் பங்கு சுமார் 6 கோடியே 92 லட்சம். அதில் நூறு பங்கு வைத்திருக்கும் விவசாயிக்கு நூறு ஓட்டு. மாநில அரசின் கையில் மட்டும் 35 சதவீதத்துக்கு மேல். நூறு ஓட்டை வைத்துச் சக்கை விலையை உயர்த்த முடியுமா?

அதோடு இன்னொரு சங்கடம். சக்கையை மலிவாக வாங்கினால்தான் காகிதக் கம்பெனிக்கு லாபம். பங்குதாரராக நீங்கள் லாபம் கேட்பீர்கள், கரும்புக்காரராக சக்கைக்கு விலை கேட்பீர்கள். ஒரு கையால் கேட்டதை இன்னொரு கையே தட்டிவிடும். சில நூறு ரூபாய் டிவிடெண்டுக்காக 11 டன் சக்கையின் உரிமையை மறந்துவிடக் கூடாது.

காகிதத் தொழிலும் ஏற்ற இறக்கம் உள்ளதுதான். இதே டி.என்.பி.எல். 2020-21-ல் நஷ்டம், 2022-23-ல் நல்ல லாபம். கையில் மிச்சம் இருக்கிறவர், பத்து வருஷம் அந்தப் பணம் தேவைப்படாது என்கிறவர் வாங்கட்டும். அது அவர் சொந்த விஷயம். ஆனால் பயிர்க்கடன் பணத்தில், நகை அடகு வைத்த பணத்தில், மகள் கல்யாணப் பணத்தில் பங்கு வாங்கக் கூடாது என்பது நம் உறுதியான கருத்து.

கம்பெனி கவிழ்ந்தால் வரிசையில் யார்?

2016 திவால் சட்டத்தை எத்தனை பேர் படித்திருப்போம்? ஒரு கம்பெனியைக் கலைத்து விற்றால் பணம் கிடைக்கும் வரிசை அதில் இருக்கிறது. முதலில் திவால் நடவடிக்கைச் செலவு. அப்புறம் தொழிலாளர் பாக்கியும் அடமானம் வாங்கிய பேங்கும். பிறகு ஊழியர் சம்பளம், அடமானம் இல்லாத கடன், அரசு பாக்கி. அதற்கும் கீழேதான் சரக்குக் கொடுத்தவன், அதாவது கரும்பு கொடுத்த விவசாயி. கடைசியிலும் கடைசி, சாதாரணப் பங்குதாரர். அந்த இடத்துக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியைப் பாருங்கள். திருஆரூரான் சர்க்கரை ஆலை திவால் நடவடிக்கைக்குப் போய் வேறு கம்பெனி கைக்கு மாறியது. கரும்புப் பாக்கியைக் கேட்டும், தங்கள் பேரில் வாங்கப்பட்ட பேங்க் கடனைத் தீர்க்கச் சொல்லியும் விவசாயிகள் 2022 நவம்பர் 30-ல் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஒரு வருஷத்தையும் தாண்டி நடந்தது. கரும்பு கொடுத்தவனுக்கே இந்தக் கதி. அதே தொழிலில் பங்கும் வாங்கி வைத்தால் ரெண்டு இடத்திலும் வரிசைக் கடைசியில் நிற்பது நாம்தான்.

ஊருக்குள் வரும் ஆசை வார்த்தை

பெரியவர் ஈமுவை ஞாபகப்படுத்தினார். 2012-ல் பெருந்துறை ஈமு கம்பெனிகள் கவிழ்ந்தபோது ஏமாந்தவர்களில் எத்தனையோ பேர் விவசாயிகள். இப்போது "பசுமைத் தொழில்" என்ற பேரில் அதே வலை வரலாம். ஜாக்கிரதை!

"மாசம் இவ்வளவு நிச்சயம்" என்று எவன் சொன்னாலும் அது பங்கு இல்லை. பங்கில் நிச்சயம் என்ற வார்த்தையே கிடையாது. "தட்டு மெஷினை எங்ககிட்ட வாங்குங்க, தட்டை நாங்களே திருப்பி எடுத்துக்கறோம்" என்றால், எடுக்காவிட்டால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். "சந்தைக்கு வர்றதுக்கு முன்னாடியே மலிவு விலைப் பங்கு" என்று கைக்காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பங்கு உங்கள் பேரில் டீமேட் கணக்கில் ஏறணும், புரோக்கர் செபியில் பதிவு பெற்றவராக இருக்கணும். ரசீது புத்தகத்தில் எழுதிக் கொடுப்பது வெறும் காகிதம்.

நமக்கு ஏற்ற பங்கு

பங்கே வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. எந்தப் பங்கு என்பதுதான் கேள்வி. 2002 சட்டத் திருத்தத்தால் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி வந்தது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் தொடங்கலாம். ஒருவர் ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரே ஓட்டு. பங்கு சந்தைக்குப் போகாது, வெளியாள் மொத்தமாக வாங்கி நம்மைத் துரத்த முடியாது. 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த 10,000 உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தில், உறுப்பினர் போட்ட பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை மானியம் வைத்தார்கள்.

இதிலும் உள்ளதைச் சொல்லணும். சக்கையைக் கூழாக்கும் ஆலைக்குக் கோடிக்கணக்கில் பணம் வேணும், தண்ணி வேணும். அது ஒரு ஒன்றியத்து விவசாயிகள் மட்டும் செய்யும் வேலை இல்லை. ஆனால் பாக்குமட்டைத் தட்டு அழுத்தும் மெஷின் நம் சக்திக்குள் அடங்கும். ஜவ்வாது மலைச் சாமையையும் புளியையும் தேனையும் பொட்டலம் போட்டு நம் பேரில் விற்பதும் அடங்கும். உற்பத்தியாளர் கம்பெனியிலும் கணக்கு சுத்தமாக இருக்கணும். வருஷா வருஷம் கூட்டம் போட்டு வரவு செலவு வாசிக்காவிட்டால் அங்கேயும் நாலு பேர் கைக்குள்தான் போகும்.

ஆனால் சக்கைக்கு வழி, சட்டம்தான். அதற்குப் போராட்டம்தான். டி.என்.பி.எல்.-லில் பெரிய பங்குதாரர் மாநில அரசு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் அரசின் கண்காணிப்பில்தான் இருக்கின்றன. சக்கைக்கு ஒரு நியாயம் செய்ய அரசு நினைத்தால் முடியும். நாம் ஓட்டுப் போட்ட அரசிடம் கேட்க டீமேட் கணக்கு தேவையில்லை!

நம் கோரிக்கைகள்

1. கரும்பு பில்லில் சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் வருமானத்தில் விவசாயிக்குச் சேரும் தொகையைத் தனித்தனி வரியாகக் காட்டு!

2. ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு சக்கையை எரித்தது, எவ்வளவு விற்றது, என்ன விலைக்கு என்பதைப் பருவ முடிவில் நோட்டீஸ் போர்டில் ஒட்டு!

3. துணைப்பொருள் மதிப்பை இன்றைய சந்தை நிலவரப்படி திரும்பக் கணக்கிடு! மாநிலப் பரிந்துரை விலையை மீண்டும் கொண்டு வா!

4. கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் கொடு! தாமதத்துக்கு 15 சதவீத வட்டியைச் சேர்த்துக் கொடு!

5. திவால் சட்டத்தில் கரும்பு விவசாயியின் பாக்கியைப் பேங்குக் கடனுக்குச் சமமாக வை!

உழவர்களே! பழைய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று பருவத்துப் பில் நகலை எடுத்து வையுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஆளுக்கொரு மனுவோடு வாருங்கள். ஒருத்தர் கேட்டால் மனு, ஆயிரம் பேர் கேட்டால் போராட்டம். தம்பிமார்களே, செல்போனில் பங்கு விலை பார்க்கிற நேரத்தில் அப்பாவோட கரும்பு பில்லையும் ஒருதரம் படித்துப் பாருங்கள்.

சாறு பிழிந்தது ஆலை! சக்கை கொடுத்தது உழவன்!
சக்கைக்கும் விலை கொடு! சட்டப்படி பங்கு கொடு!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!