முகத்துக்குப் பூசும் மண் வயிற்றுக்கு மருந்தல்ல



வயிற்றுப்போக்கு, வாயு, நெஞ்செரிவு எதுவென்றாலும் முல்தானி மட்டி, பென்டனைட் என்று களிமண்ணைக் கரைத்துக் குடிக்கச் சொல்லும் வீடியோக்களை நாமும் பார்க்கிறோம், பகிர்கிறோம். "இயற்கைதானே, என்ன செய்யப்போகுது?" என்கிறோம்.

ஈயமும் இயற்கைதான். கடையில் விற்ற ஒரு பென்டனைட் களிமண்ணில் ஈயம் அதிகம் என்று 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மருந்தாகச் சுத்திகரித்த களிமண்ணைக்கூட 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2019இல் பிரான்ஸ் மருந்து அதிகாரசபை சொன்னது. காரணம் அதே ஈயம். அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டதை வகுப்பில் படிப்பித்துச் சரிசெய்ய நம்மால் முடியாது.

களிமண் மலத்தை இறுக்கலாம். ஆனால் நாம் குடிக்கும் மருந்தையும், கர்ப்பிணிகள் எடுக்கும் இரும்புச்சத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். இழந்த நீரையும் உப்பையும் அது தராது. ஜீவனி தரும்.

ஆகவே மண்ணை முகத்தோடு நிறுத்துவோம். வயிற்றுப்போக்கென்றால் ஜீவனி கரைத்துக் கொடுப்போம். மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை சோர்ந்து கண் குழிவிழுந்தால், வீட்டில் வைத்துப் பார்க்காமல் திருகோணமலை வைத்தியசாலைக்குப் போவோம். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

உடம்பும் அமானிதம்தான் உறவுகளே. அடுத்த வீடியோவைப் பகிருமுன் ஒருமுறை யோசிப்போம்.