அளவுச் சங்கிலி வந்தபின்

ஒட்டுசுட்டானிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்று முல்லைத்தீவை அடைந்து, அங்கிருந்து பரந்தன் வீதியிற் சிறிது தூரம் போனால் வட்டுவாகற் பாலம் வரும். ஒருபுறம் நந்திக்கடல், மறுபுறம் பெருங்கடல். 2009 மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில், உயிரொன்றையே உடைமையாகக் கொண்டு மக்கள் கடந்த பாலம் இதுவே. போருக்குப்பின் இதன் அருகே கோத்தபாய கடற்படை முகாம் எழுந்தது. அதன் வேலிக்குள் அகப்பட்ட நிலம் அறுநூறு ஏக்கருக்கு மேல். அவற்றிற் பல தனியாரின் உறுதிக் காணிகள். அவற்றைக் கடற்படைக்கே நிரந்தரமாக உரித்தாக்கும் பொருட்டு நில அளவையாளர் பலமுறை வந்தனர். 2021 இல் வந்தபோதும் உரிமையாளர் ஒன்றுகூடி மறித்தனர்.

“அளந்தால் நிலம் தேய்ந்துவிடுமா?” என்று என் மாணவன் ஒருவன் வினவினான். வேடிக்கையான வினா, ஆயினும் விடையிறுக்க வேண்டிய வினா.

1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் படிப்படியாகச் செல்வது. பொதுத் தேவைக்கு ஒரு நிலம் வேண்டுமென அமைச்சர் கருதினால், இரண்டாம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டப்படும். அதன் பின்னரே அலுவலர் உட்புகுந்து அளக்கலாம். நான்காம் பிரிவின் அறிவித்தல் வந்தால், உரிமையாளர் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். அதற்குப் பதினான்கு நாட்களுக்குக் குறையாத தவணை உண்டு. ஐந்தாம் பிரிவின் பிரகடனம் வெளிவந்துவிட்டால், அத்தேவையைப் பற்றிய வாதத்திற்குச் சட்டம் கதவை அடைத்துவிடுகிறது. பின்பு பேச எஞ்சுவது பெரும்பாலும் நட்டஈடு ஒன்றே. ஆகவே அளவை என்பது முதற்படி. ஏறிய கால் எளிதில் இறங்காது.

கடற்படைக்கு நிலம் வேண்டாமா என்பர் சிலர். வேண்டும், கடல் சூழ்ந்த நாட்டில் அதை மறுப்பவர் யார்? ஆனால் இந்த நிலம், இத்தனை ஏக்கர், எதற்காக என்று கேட்பது குற்றமன்று. பொதுத் தேவை இன்னதென்று இரண்டாம் பிரிவு அறிவித்தலிலேயே வெளிப்படுத்த வேண்டுமென நமது உயர் நீதிமன்றமே 2000 ஆம் ஆண்டிற் கூறியுள்ளது.

நிற்க. அறிவித்தல் ஒட்டப்படுவது எங்கே? அந்த நிலத்தில், அல்லது அதன் அருகில். நிலமோ முட்கம்பிக்குள், உரியவரோ உறவினர் வீட்டில், அல்லது கடல் கடந்த நாட்டில். 2013 ஏப்ரலில் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை எடுக்க அறிவித்தல் ஒட்டியபோது, காலமெல்லாம் நலன்புரி முகாம்களிற் காத்திருந்தவர்களே அக்காணிகளின் சொந்தக்காரர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் ஏறினர். பிற்காலத்தில் அந்நிலத்தின் ஒரு பகுதி சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டது.

நமக்கு அண்மையில் உள்ள கேப்பாப்புலவுப் பகுதியிலும் இதனைக் கண்டோம். பிலக்குடியிருப்பு மக்கள் 2017 சனவரி இறுதியில் விமானப்படை முகாமின் முன் அமர்ந்தனர். தாய்மார் அங்கேயே உலை வைத்தனர். பிள்ளைகள் அங்கேயே பாடம் படித்தனர். ஒரு மாதத்தின்பின், மார்ச்சு முதலாந் திகதி, தங்கள் காணிக்குள் நுழைந்தனர். அவர்களுட் பலரிடம் காட்டுவதற்குக் கடதாசி இருந்தது என்பதை மறக்கலாகாது.

எல்லோரிடமும் அது இல்லை. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர் எத்தனை பேர்! உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரும் இலக்கமும் தெரிந்தால், காணிப் பதிவகத்திற் பிரதி தேடலாம். இதனை வீட்டுப் பெரியவர் உள்ளபோதே கேட்டுக் குறித்துவைக்கும் வேலையை மாணாக்கர் இந்த விடுமுறையிற் செய்யலாம். மறுப்பு எழுதக் கிடைப்பது சில கிழமைகளே. இறந்துபோன பாட்டனார் பெயரிலுள்ள காணிக்கு நாமே உரியவரென்று காட்ட எத்தனை மாதம் செல்லும் என்பதைப் பிரதேச செயலக வாயிலிற் காத்து நின்றவர்கள் சொல்வார்கள்.