தூசு இருந்துவிட்டுப் போகட்டும்

காலை ஐந்தேகாலுக்கு எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்திலிருந்து ஒரு சத்தம் கேட்கும். ஈரத் துணியை உதறிப் பிழிகிற சத்தம். பால்காரர், பேப்பர்காரர் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் இங்கே இருபத்திரண்டு கார்களைத் துடைக்கிறார். ஏழு மணிக்குள் முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போயாக வேண்டும். கையில் ஒரு வாளி, ஒரு துணி. துணி என்றால் பனியன் வேஸ்ட், மெக்கானிக் ஷெட்டுகளுக்குக் கிலோ கணக்கில் போகிற வெட்டுத் துணி. வாளித் தண்ணீர் நாலாவது காருக்கே டீ நிறத்துக்கு வந்துவிடும். என்னுடையது பதினேழாவது கார்.

அந்தப் பதினேழு என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மூன்று வருஷம் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்த இடம் ஒரு பெட்ரோல் பங்க். இரவு பத்து மணி இருக்கும், காற்றுப் பிடிக்க நின்றிருந்தேன். மேலிருந்த எல்.இ.டி. விளக்கு என் கருநீல பானெட்டில் விழுந்து, அதைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தன. இரண்டடி நகர்ந்து பார்த்தேன். வலையும் கூடவே நகர்ந்தது. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். வலை போகவில்லை.

வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டு இருந்தால் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இதே வட்டங்கள் தெரியும். கோடுகள் உண்மையில் வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. விளக்குக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால், எங்கே விளக்கைப் பிடித்தாலும் அதைச் சுற்றியே வட்டம் எழும்பும். தட்டில் கோடு போட்டது பாத்திரம் தேய்க்கிற நார். காரில் போட்டது பதினாறு கார்களின் மண்ணைச் சுமந்துவந்த பனியன் வேஸ்ட்.

இன்றைய கார்களின் பெயின்ட் பல அடுக்குகளாக இருக்கிறது. தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் பூச்சு. கிளியர் கோட் என்பார்கள். நாம் காரைத் தொடும்போதெல்லாம் தொடுவது அதைத்தான். எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். அரைத் தாள்கூட இல்லை. தெரு மணலில் இருப்பது குவார்ட்ஸ். ஜன்னல் கண்ணாடியிலேயே கீறல் போடக்கூடிய கல் அது. அதை ஈரத் துணியில் ஒட்டவைத்து அரைத் தாள் கனமுள்ள பிளாஸ்டிக் பூச்சின்மேல் தினமும் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல விஞ்ஞானி வேண்டாம்.

பழைய அம்பாசிடர் காலத்தில் இந்தக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறமே இறங்கும். அப்பாவின் நண்பர் ஒருவரிடம் வெள்ளை அம்பாசிடர் இருந்தது. பாலிஷ் போட்ட துணியை வெயிலில் காயப்போட்டால் சுண்ணாம்பு அடித்த துணி மாதிரி இருக்கும். நிறமே கையோடு வருகிறது என்பதால் அந்தக் காலத்து டிரைவர்கள் பயந்து பயந்து தேய்த்தார்கள். இப்போது தேய்வது கண்ணுக்குத் தெரியாத பூச்சு. ஆகவே பயமும் தெரியவில்லை.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். துடைப்பவரை மட்டும் குற்றம் சொன்னால் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். புதிதாகத் தார் போட்ட சாலையில் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவின் கீழ்ப்பாகத்தில் தார்ப் புள்ளிகள். தண்ணீரில் போகவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்து வந்தேன். தார் போய்விட்டது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பும் போய்விட்டது. “பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டா வர மாட்டீங்க, காருக்கு மட்டும் நாரைத் தூக்கிக்கிட்டு ஓடுறீங்க” என்றாள் மனைவி. அந்த மங்கல் வட்டம் இன்றும் பின்கதவில் இருக்கிறது. தாருக்கென்று விற்கும் திரவத்தைத் தடவி ஐந்து நிமிஷம் விட்டிருந்தால் வழித்து எடுத்திருக்கலாம்.

நம் ஊரில் வாசல் தெளிப்பது மாதிரி கார் துடைப்பதும் காலைக் கடமையாகிவிட்டது. துடைக்காத கார் நின்றால் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கிறார்கள். ஆனால் கார்மேல் தூசு சும்மா உட்கார்ந்திருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை. நாம் அதை நகர்த்தும்போதுதான் அது கீறுகிறது. தூசு படிந்த காரின்மேல் கவர் போடுவது இதைவிட மோசம், காற்றடிக்கும்போதெல்லாம் கவர் உப்புத்தாள் வேலை பார்க்கும். பெட்ரோல் பங்க்குகளிலும் சிக்னலிலும் விற்கிற நீளக் கைப்பிடி டஸ்டரும் அதே கட்சிதான்.

உடனே எடுக்க வேண்டியவை வேறு. காக்கை எச்சம் முதலிடம். அதில் அமிலம் இருக்கிறது, சென்னை வெயிலில் ஒரு பகல் காய்ந்தால் கிளியர் கோட்டில் தடம் விழுந்துவிடும். நாவல் மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு ஆனி, ஆடியில் பழக்கறையும் வௌவால் எச்சமும் சேர்ந்து கிடைக்கும். மாமரம் பூக்கும் காலத்தில் இலையிலிருந்து பிசுபிசுவென்று ஒன்று சொட்டும். தத்துப்பூச்சிகள் சாற்றை உறிஞ்சிக் கழிப்பது அது. இவற்றையும் தேய்க்கக் கூடாது. ஈரத் துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு ஊறவிட்டுத் தூக்கி எடுக்க வேண்டும். காய்ந்த சோற்றுப் பானையை ஊறவைக்கத் தெரிந்த நமக்கு இது மட்டும் ஏன் தெரியவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

கழுவுவதில் கலை என்று எதுவுமில்லை, வரிசைதான் இருக்கிறது. ஓடிவந்த வண்டியை உடனே கழுவாதீர்கள், சூடான தகட்டில் சோப்பு காய்ந்து படிந்துவிடும். நிழலில் நிறுத்தி, பானெட்டைத் தொட்டால் கை சுடாத பிறகு ஆரம்பியுங்கள். முதலில் சக்கரங்கள், அவற்றுக்குத் தனி வாளி, தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கேதான் இருக்கும், அந்தத் துணி ஜென்மத்துக்கும் மேலே ஏறக் கூடாது. அடுத்தது வெறும் தண்ணீர். உடம்பு முழுக்க, தாராளமாக, கையே வைக்காமல். கழுவுவதில் முக்கால் பங்கு இதுதான். மண் தானாக எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கோடு மிச்சம்.

அப்புறம்தான் ஷாம்பு. காருக்கென்று விற்கிற ஷாம்பு. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். அதன் வேலையே எண்ணெய்ப் பிசுக்கை அடித்துக்கொண்டு போவது. நீங்கள் காசு கொடுத்துப் போட்ட வேக்ஸும் அதன் கண்ணுக்குப் பிசுக்குதான். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் நல்ல தண்ணீர். துணியை ஷாம்புவில் நனைத்து ஒரு கதவைக் கழுவியதும் நல்ல தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிவிட்டு, மறுபடி ஷாம்பு. கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், சேறு அடிக்கும் அடிப்பாகம் கடைசி. வட்டமாகச் சுழற்ற வேண்டாம், நேராக இழுங்கள், அழுத்தாமல். துணி கைதவறித் தரையில் விழுந்தால் தொழுகிற மாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள், அன்றைக்கு அதற்கு விடுமுறை.

துணி மைக்ரோஃபைபராக இருக்கட்டும். அதன் மெல்லிய இழைகள் மண்ணைத் தமக்குள் இழுத்துக்கொள்ளும். பனியன் துணி மண்ணை மேலேயே வைத்துக்கொண்டு இழுக்கும். மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது லுங்கி, துண்டோடு சேர்க்காதீர்கள், பஞ்சு நூல் ஏறிவிடும். வாசனைக்காக ஊற்றுகிற திரவமும் கூடாது.

இனி தண்ணீர். இங்கேதான் சென்னைக்காரர்களின் பாடு தனி. எங்கள் போர் தண்ணீரை ஒரு டம்ளரில் வைத்துக் காயவிட்டால் அடியில் வெள்ளைப் பொடி நிற்கும். சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், கடல் பக்கத்தில் உப்பும் சேர்த்தி. காரில் ஒவ்வொரு சொட்டும் காயும்போது தன் கணக்கை அங்கேயே எழுதி வைத்துவிட்டுப் போகும். கறுப்பு, கருநீலக் கார்களில் அம்மை போட்டதுபோல் இருக்கும். வெயிலில் நாள்கணக்கில் வெந்தால் அந்தக் கறை பூச்சிலேயே இறங்கிவிடும். கழுவியதும் துடைத்து உலர்த்துவது ஆடம்பரமில்லை, அவசியம். பெரிய துண்டு ஒன்றைப் பரப்பி ஒற்றி எடுங்கள். குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் வேண்டாம், முகம் ஒற்றுவதுபோல்.

கடைசி அலசலுக்கு நான் கண்டுபிடித்த தண்ணீர் ஏ.சி. தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. மே மாதப் புழுக்கத்தில் படுக்கையறை ஏ.சி.யின் குழாயடியில் வாளி வைத்தால் ஒரு ராத்திரியில் தாராளமாகக் கிடைக்கும். காலையில் அதை மெல்லக் கூரையிலிருந்து வழியவிட்டால் காரில் ஒரு புள்ளி நிற்பதில்லை. மழைநீர்த் தொட்டி உள்ளவர்களுக்கு வாளி வைக்கும் கவலையும் இல்லை. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் கட்டடத்திலும் குழாய் இருக்கிறது. அது எங்கே போகிறது என்பது அடுக்ககச் சங்கத்தின் செயலாளருக்குத்தான் வெளிச்சம்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அப்போது ஹோஸ் பிடித்துக் கார் கழுவியவரை நான் மட்டுமல்ல, தெருவே முறைத்தது. அன்றைக்கு வாங்கியதுதான் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற ஐந்து லிட்டர் கைப்பம்ப். இரண்டு முறை நிரப்பினால் ஒரு கார் நனைந்து, ஊறி, அலசி முடிகிறது. ஹோஸ் அந்தத் தண்ணீரை ஒரு நிமிஷத்தில் குடித்துவிடும்.

வேக்ஸ் பற்றிக் கொஞ்சம். நல்ல வேக்ஸில் சேரும் கார்னாபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படிவது. வெயிலில் ஈரம் ஆவியாகாமலிருக்க அந்த மரம் தனக்குத் தானே பூசிக்கொள்வது. அதை எடுத்து நாம் காருக்குப் பூசுகிறோம். பூசிய காரில் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் உருள்வதுபோல் உருளும். உருளாமல் பரந்து படர்ந்தால் வேக்ஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நம் வெயிலுக்கு அது இரண்டு மாதம் தாங்கினால் பெரிது. செராமிக் கோட்டிங் விற்பவர்கள் “ஒன்பது ஹெச்” என்று வைரத்துக்கு அடுத்ததுபோல் சொல்வார்கள். அது பென்சில் அளவுகோல், கல்லின் கடினம் இல்லை. மணல் அதற்கும் மசியாது.

வாட்டர் சர்வீஸ் கடைகளுக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே தண்ணீர் வேகமாக அடிப்பதால் மண் முதலிலேயே இறங்கிவிடும். முனையைப் பெயின்ட் பெயர்ந்த இடத்துக்கு அருகே பிடிக்க விடாதீர்கள். அடிப்பாகத்தில் டீசல் அடித்துத் தரட்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும். கடைசியில் துடைக்க மட்டும் உங்கள் துண்டைக் கொடுங்கள்.

ஆயுத பூஜைக்கு ஒரு விண்ணப்பம். சந்தனத்தையும் குங்குமத்தையும் பானெட்டில் வைக்காமல் கண்ணாடியில் வையுங்கள். மூன்று நாள் காய்ந்த சந்தனத்தை யாராவது நகத்தால் சுரண்டுவார்கள். சாமி கண்ணாடியையும் ஏற்றுக்கொள்ளும்.

பெட்ரோல் பங்க் ராத்திரிக்கு மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் கீழே இறங்கிப் போனேன். “அண்ணே, இனிமே என் வண்டியைத் துடைக்க வேண்டாம்” என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டது. “ஏதாச்சும் தப்பாயிடுச்சா சார்?” சம்பளம் அதேதான், தினமும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு வாளியில் கழுவினால் போதும், துணி நான் தருகிறேன் என்றேன். நம்பவில்லை. துடைக்காத நாளுக்கு ஏன் காசு என்று கேட்டார். டார்ச் அடித்துப் பானெட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தன வருசமா யாரும் சொல்லலியே சார்” என்றார்.

விழுந்த கோடுகளை மெஷின் பாலிஷால் எடுக்கலாம்தான். எடுப்பது என்றால் கோட்டின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பூச்சையும் சீவுவது. இருப்பதோ அரைத் தாள் கனம். ஒருமுறை செய்துகொண்டேன், இன்னொரு முறை செய்ய மனசில்லை.

இன்று வியாழன். கார்மேல் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசு. நேற்று மூன்றாம் மாடிப் பையன் எழுதியும் விட்டான். அவனைத் திட்டவில்லை, எழுதாதே என்று மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் என் உடம்பை விசாரித்தார்.