சாவிய எடுக்காதீங்க, ப்ளீஸ்!

போன வாரம் முட்டம் கலங்கரை விளக்கம் பக்கம் நம்ம கார் படுத்துருச்சு. நாகர்கோவில் வரைக்கும் கயிறு கட்டி இழுக்க வந்த அண்ணாச்சி, "சாவிய எடுத்து பாக்கெட்ல போடு மக்கா"ன்னார். பகீர்னுச்சு. மாட்டேன்னுட்டேன்.

சாவிய எடுத்தா ஸ்டியரிங் பூட்டிக்கும். முதல் வளைவுலயே வண்டி நேரா போய் எதுலயாவது முட்டும். ஏற்கனவே பூட்டிருந்தா, ஸ்டியரிங்கை லேசா இடமும் வலமும் அசைச்சுக்கிட்டே சாவியத் திருப்பணும். முரட்டுத்தனம் பண்ணா சாவிதான் உடையும். இன்ஜின் ஓடாததால பவர் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கும் ரெண்டு மூணு மிதியில கல்லாயிடும்.

அமெரிக்காவுல மோட்டார்ஹோம் பின்னாடி காரைக் கட்டி ஊர் சுத்துறவங்களுக்கும் முதல் வேலை இந்தப் பூட்டை விடுவிக்கறதுதான்.

டிரைவிங் ஸ்கூல்ல கியர், கிளட்ச்சோட இதையும் அஞ்சு நிமிஷம் சொல்லித் தரணுங்கறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க? :-)